சத்தத்துக்கு ஒரு சிவப்புப் பொட்டு

அந்தப் பெட்டி மகாளய அமாவாசைக்கு மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்தது. டிசம்பரில் ஒரு சனிக்கிழமை காலையில் திரும்பிப் போனது. இடையில் இரண்டு மாதத்துக்குச் சற்று மேல், தையல் மிஷினின் பலகைமேல், அம்மாவின் பழைய வாயில் சேலையைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. நாற்பத்தொன்பது கட்டைகள், பன்னிரண்டு வாத்தியங்கள், பன்னிரண்டு தாளங்கள். ஜப்பானில் செய்தது. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. தம்பிக்கு மூன்று வயது.

பெட்டி எங்களுடையதல்ல. பாலிகஞ்சில் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் நடந்த சிறுவர் பள்ளியுடையது. அம்மா அங்கே வாரத்துக்கு மூன்று நாள் பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள். ஹாங்காங் போய்வந்த ஒரு பிள்ளையின் தகப்பனார் அந்தக் கீபோர்டைப் பள்ளிக்குக் கொடுத்திருந்தார். தலைமையாசிரியையைப் பள்ளியில் எல்லோரும் பொரோதி என்பார்கள், வங்காளியில் பெரிய அக்கா. அவர் அம்மாவை அழைத்து, பூஜை விடுமுறைக்கு இதை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பழகிக்கொள், ஆண்டு விழாவில் நீதான் வாசிக்க வேண்டும் என்றார். விழா நல்லபடியாக முடிந்தால் ஜனவரியிலிருந்து எல்லா வகுப்புக்கும் அம்மாதான் பாட்டு ஆசிரியை, நிரந்தரமாக. முடியாது என்றால் இந்தப் பெட்டி வாசிக்கத் தெரிந்த ஓர் ஆளை வெளியிலிருந்து வைத்துக்கொள்வார்கள். பொரோதி இதை மிரட்டலாகச் சொல்லவில்லை. டீ குடித்துக்கொண்டே, நடக்கப்போகிற ஒன்றைச் சொல்வதுபோலச் சொன்னார்.

பவானிபூரில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் அம்மாவுக்கு ஒரே பெயர்தான் உண்டு. மாத்ராஜி பௌதி. மதராஸ்காரர் வீட்டு மதனி என்று அர்த்தம். காய்கறிக்காரன், பால்காரன், மேல்வீட்டு மாஷிமா எல்லோருக்கும் அவள் அதுதான். பாலிகஞ்சில் மட்டும் கேட்டுக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் 'கானேர் திதி' என்று ஓடி வருவார்கள். பாட்டு அக்கா. ஒரு தடவை நான் கூடப் போயிருந்தபோது பார்த்தேன். கேட்டைத் தாண்டியதும் அம்மாவின் நடையே மாறியது.

அம்மாவுக்குக் காது போய்க்கொண்டிருந்தது. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு இது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

தம்பி பிறந்த பிறகு ஆரம்பித்தது என்று பல வருஷம் கழித்துச் சொன்னாள். முதலில் தாழ்ந்த சத்தங்கள் போயினவாம். அப்பாவின் குரல், ட்ராம் வருகிற அதிர்வு, ஆர்மோனியத்தின் இடது பக்கம். பிறகு மற்றவை. இதை அவள் எப்படி மறைத்தாள் என்று கேட்டால், அவள் பெரிதாக எதுவும் செய்யவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஊரே அவளுக்காக மறைத்தது. வெளியில் யாராவது ஏதாவது கேட்டு, அவள் பதில் சொல்லாமலோ வேறு பதில் சொல்லியோ நின்றால், பாவம், வங்காளி புரியவில்லை என்று நினைத்துக்கொண்டார்கள். வீட்டிலோ மெட்ரோவுக்காகத் தெருமுனையில் ஐந்தாறு வருஷம் தோண்டி இடித்ததில் எல்லோரும் கத்தியே பேசிப் பழகியிருந்தோம். தோண்டுவது நின்ற பிறகும் எங்கள் கத்தல் நிற்கவில்லை. கூப்பிட்டு வரவில்லையென்றால் அம்மாவுக்கு ஏதோ கோபம் என்று அர்த்தம். கார்டன் ரீச்சில் ரயில்வே ஆபீஸிலிருந்து ஆறரை மணிக்கு வரும் அப்பா, மூன்றாவது தடவை கூப்பிடும்போது அதே வாக்கியத்தைத்தான் சொல்வார்.

"ஏளா, காதுல என்ன பஞ்சா வச்சிருக்க? பாட்டு டீச்சராம், பாட்டு டீச்சர்."

அம்மா திரும்பிச் சிரிப்பாள். நாங்களும் சிரிப்போம்.

ஒரே ஒருவனுக்குத் தெரிந்திருந்தது என்று இப்போது தோன்றுகிறது. தம்பி எதையாவது சொல்வதற்கு முன்னால் இரண்டு கையாலும் அம்மாவின் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்புவான். திருப்பிவிட்டுத்தான் பேசுவான். என்னிடமோ அப்பாவிடமோ அவன் அப்படிச் செய்ததில்லை. அதைக் கொஞ்சல் என்று நினைத்து ரசித்தோம்.

ஆர்மோனியத்தில் அம்மாவுக்குக் கஷ்டமில்லை. பாளையங்கோட்டையில் படித்த காலத்திலேயே பள்ளிப் பிரார்த்தனைக்கு வாசித்தவள். இடது கையால் துருத்தியை அமுக்குகிற அளவுக்குத்தான் சத்தம் வரும். அந்த அளவு கைக்குத் தெரியும், காது வேண்டியதில்லை. பிள்ளைகளின் வாயைப் பார்த்துக்கொண்டே வாசித்தால் எந்த அடியில் இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். ஜப்பான் பெட்டி அப்படி இல்லை. கட்டையை ஓங்கி அமுக்கினாலும் விரலை வைத்தாலும் ஒரே சத்தம். கூட்டுவதும் குறைப்பதும் இடது ஓரத்தில் இருந்த ஒரு சின்ன நழுவு விசையின் வேலை. அது ஒரு சுண்டுவிரல் நீளத்துக்கு மேலும் கீழும் ஓடும். பக்கத்தில் எண் கிடையாது, ஒரு ஆப்பு மாதிரி கோடு மட்டும் கீழே மெலிந்து மேலே தடித்துப் போகும்.

கூடவே வந்த சிறு புத்தகம் பாதி ஜப்பானிய மொழியிலும் பாதி ஆங்கிலத்திலும் இருந்தது. அம்மாவுக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டத்தான் வரும். நான் படித்து, தமிழில் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. எனக்கு அதில் பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து படிக்கலாம் என்றுதான் முதல் நாள் போனேன்.

"பக்கத்துல இருக்காண்டாம். எதிர்ல இரு, ஒம் மொகம் தெரியட்டும்" என்றாள் அம்மா.

டீச்சர் மாதிரி எதிரில் உட்காரச் சொல்கிறாள் என்று நினைத்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். மின் அடாப்டரைப் பின்னால் எங்கே செருகுவது, செருகாவிட்டால் அடியில் ஆறு தடித்த பேட்டரி எந்தத் திசை பார்த்துப் போடுவது, எந்தப் பொத்தானில் பியானோ, எதில் புல்லாங்குழல் என்று வரிசையாகப் படித்தேன். இடது பக்கத்துப் பதினெட்டுக் கட்டைகளைத் தனியாகப் பிரித்துவிடலாம். அங்கே ஒரு கட்டையை ஒரு விரலால் தொட்டால் மூன்று சுரம் சேர்ந்து ஒலிக்கும். ஒரு விசையைத் தள்ளிவைத்தால், தொட்டதும் தாளமும் தானே கிளம்பும், நிறுத்து என்ற பொத்தானை அமுக்கும் வரைக்கும் நிற்காது. தாளம் ஓடும்போது ஒவ்வொரு சுற்றின் முதல் அடிக்கும் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும். அந்த விளக்கைக் கண்டதும் அம்மாவுக்கு வந்த சந்தோஷம் எனக்கு விளங்கவில்லை. முழுப் பாட்டையும் அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டே வாசித்து முடித்தாள்.

"கண்ணுக்குத் தெரியற தாளம்" என்றாள். "இத மொதல்ல கண்டுபிடிச்சவன் நல்லா இருக்கணும்."

பிறகு சத்தத்தின் அளவைக் கண்டுபிடிக்கிற வேலை. அது எனக்கு விளையாட்டாக இருந்தது. நான் அடுப்படி வாசலில் போய் நிற்க வேண்டும். அம்மா ஒரு கட்டையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் விசையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவாள். கூட வேண்டுமென்றால் நான் உள்ளங்கையை மேலே காட்ட வேண்டும், குறைக்க வேண்டுமென்றால் கீழே. சரியான அளவு வந்ததும் கையை மூட வேண்டும். வாயைத் திறக்கக்கூடாது. நான் கையை மூடிய இடத்தில் அம்மா விசையை நிறுத்திவிட்டு எழுந்தாள். பீரோக் கண்ணாடிக்குப் போய் ஓரத்தில் ஒட்டியிருந்த பொட்டுகளில் பெரிய சிவப்பை உரித்துக்கொண்டு வந்து, விசைக்கு நேராகப் பெட்டியின்மேல் ஒட்டினாள்.

ஹாஜ்ரா முக்கு நடைபாதையில் அட்டையோடு விற்கிற ஒட்டுப்பொட்டு. வங்காளிகள் டிப் என்பார்கள். அம்மா ஒரு பொட்டைப் பசை போகும் வரைக்கும் விடமாட்டாள். முகம் கழுவுகிறபோது எடுத்துக் கண்ணாடியில் ஒட்டி, மறுபடி எடுத்து வைத்துக்கொள்வாள். நானும் தம்பியும் எடுத்துப் பொம்மைக்கு ஒட்டினால், வீணாக்காத என்று கையைத் தட்டிவிடுவாள். அப்படிப்பட்டவள் ஒரு வாரத்தில் நாலு பொட்டைப் பெட்டிக்கு ஒட்டிவிட்டாள். சிவப்பு, சத்தத்துக்கு. அரக்கு, இடது கைச் சுரக்கூட்டின் அளவுக்கு. கறுப்பு, பிரார்த்தனைப் பாட்டின் வேகத்துக்கு. பச்சை, சின்னப் பிள்ளைகள் ஆடப்போகிற மழைப் பாட்டின் வேகத்துக்கு. கறுப்புப் பெட்டியில் அவை அழகாக இருந்தன. அம்மா அலங்காரம் செய்கிறாள் என்று நினைத்தேன். நானும் ஒன்று ஒட்டட்டுமா என்று கேட்டதற்கு, அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

தனியாக வாசிக்கும்போது இன்னொரு பழக்கமும் வந்தது. தையல் மிஷினுக்கு முன்னால் முக்காலியில் குனிந்து, தாடையைப் பெட்டியின் மூலையில் வைத்துக்கொள்வாள். அந்த மூலையில்தான் ஒலிபெருக்கியின் சல்லடை இருந்தது. தாடையை அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு கட்டையாகத் தொடுவாள். சமைத்து, துவைத்து, பாலிகஞ்சுக்குப் போய்வந்த களைப்பு என்று நான் எண்ணினேன். அப்பா ஒருநாள் செருப்பைக் கழற்றிக்கொண்டே பார்த்துவிட்டு, "ஒங்கம்மா பொட்டிக்கு முத்தம் குடுத்துக்கிட்டு இருக்கா. நமக்கு எப்பம் காப்பி?" என்று என்னிடம் கேட்டார்.

சாயந்திரங்களில் கரண்ட் போகும். ஒரு மணி நேரம், சில நாள் இரண்டு. கட்டடம் முழுக்க ஒரு பெருமூச்சு கேட்கும், பிறகு லாந்தர் ஏற்றுகிற தீக்குச்சிகள். இருட்டில் அம்மா யாருக்கும் பதில் சொல்லமாட்டாள். அப்பா இதற்கு லோட்ஷெட்டிங் மௌன விரதம் என்று பெயர் வைத்திருந்தார். பேட்டரியில் பெட்டி வேலை செய்தது. அம்மா இருட்டிலேயே சிவப்பு விளக்கைப் பார்த்து வாசிப்பாள். நான் புத்தகத்திலிருந்து ஏதாவது படித்துச் சொல்ல வேண்டியிருந்தால் அவளே லாந்தரைத் தூக்கிப் பிடிப்பாள். வெளிச்சம் புத்தகத்தின்மேல் விழாது, என் முகத்தின்மேல் விழும். எழுத்தே தெரியவில்லை, கண் கூசுகிறது என்று நான் சிணுங்கியிருக்கிறேன். கொஞ்சம் இறக்கிவிட்டு மறுபடி மெல்ல உயர்த்துவாள்.

காளி பூஜை முடிந்து பள்ளி திறந்ததும் பொரோதி ஒருநாள் எங்கள் வீட்டுக்கே வந்தார். பெட்டி மேடையில்தான் முதலில் எல்லோர் கண்ணிலும் பட வேண்டும், அதுவரைக்கும் ஒத்திகை பழைய ஆர்மோனியத்திலேயே நடக்கட்டும் என்பது அவருடைய ஆசை. ஆனால் அம்மாவுக்குப் பிடிபட்டுவிட்டதா என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. அம்மா விசைகளைப் பொட்டுகளுக்கு நேராக வைத்தாள், வாசித்தாள். பிரார்த்தனைப் பாட்டு, மழைப் பாட்டு இரண்டும் ஒரு பிசிறில்லாமல் வந்தன. பொரோதி கண் கலங்கிவிட்டார். அம்மா அடுப்படிப் பக்கம் திரும்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து, எனக்கு டீயில் சர்க்கரை வேண்டாம் என்று வங்காளியில் சொன்னார். அம்மா இரண்டு கரண்டி போட்டுக் கலக்கிக்கொண்டு வந்து நீட்டினாள். பொரோதி என்னைப் பார்த்துச் சிரித்தார். "உங்கம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் வங்காளி கற்றுக்கொடு" என்றார். நான் தலையாட்டினேன். அந்த டீயை அவர் முழுவதும் குடித்தார்.

விழாவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போது அப்பா சொன்னது இதுதான்: "அடுத்தவன் சாமான். எப்படி வந்துதோ அப்படியே திருப்பிக் குடுக்கணும். ஒரு கீறலு, ஒரு அழுக்கு இருக்கப்படாது." அம்மா அப்போது அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னது எனக்குத்தான் கேட்டது.

மறுநாள் காலையில் அம்மா தலைக்கு வைத்துக்கொள்ளப் பூ வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். டாக்ஸி பத்து மணிக்கு வருவதாக இருந்தது. நான் பெட்டியைத் துடைத்தேன். கட்டைகளின் இடுக்கில் தம்பி சிந்திய பொரித்தூளைத் துணி முனையால் எடுத்தேன். மிச்சம் இருந்தது நாலு பொட்டு. உரித்தால் பசை வட்டமாக ஒட்டிக்கொண்டு நின்றது. பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் போகும் என்று எனக்குத் தெரியும், பள்ளி நோட்டு அட்டையில் செய்து பார்த்திருக்கிறேன். தடயமே இல்லாமல் எடுத்துவிட்டேன். பொட்டுகளை வீணாக்கவில்லை. பீரோக் கண்ணாடியின் ஓரத்தில், அவை வழக்கமாக இருக்கும் இடத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டிவைத்தேன். பெட்டியைச் சேலையில் சுற்றி அதன் அட்டைப்பெட்டிக்குள் இறக்கி மூடினேன். அம்மா வந்து, மூடியிருந்ததைப் பார்த்து, "எல்லாஞ் செஞ்சிட்டியா?" என்று என் கன்னத்தைத் தட்டினாள். பிறகு அவசர அவசரமாகச் சேலை மாற்றினாள். பொட்டு அவள் நெற்றியில் ஏற்கனவே இருந்ததால் கண்ணாடியின் ஓரம் அவள் கண்ணில் படவில்லை.

விழா பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கிளப்பின் கூடத்தில். டிசம்பர் குளிர். வந்திருந்த பிள்ளைகளில் பாதிப் பேர் மங்கி கேப்பில் இருந்தார்கள், பெரியவர்கள் சால்வையில். நாங்கள் மூன்றாவது வரிசை. அப்பா சனிக்கிழமை அரை நாள் ஆபீஸிலிருந்தும் ஒரு மணி நேரம் முன்னாலேயே கிளம்பி வந்திருந்தார், இஸ்திரி போட்ட சட்டையில்.

மைக்செட்காரர் பெட்டியை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தார். பின்பக்கம் இருந்த சிறு துளையில் ஒரு ஒயரைச் செருகி, மறுமுனையை மேடையின் இரண்டு பக்கமும் நின்ற ஆள் உயர ஒலிபெருக்கிகளோடு சேர்த்தார். அந்தத் துளையைப் பற்றிப் புத்தகத்தில் ஒரு வரி இருந்தது. அதில் எதையாவது செருகினால் பெட்டியின் சொந்த ஒலிபெருக்கி அடங்கிவிடும். அந்த வரியை நான் படித்திருந்தேன். வீட்டில் நமக்கு எதற்கு என்று அம்மாவுக்குச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

அம்மா வந்து உட்கார்ந்தாள். விசைகளைப் பார்த்தாள். குனிந்து, இன்னும் பக்கத்தில் பார்த்தாள். விரலால் பெட்டியின் மேல்பரப்பைத் தடவினாள். அவள் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஏதோ காணாமல் போன சாமானைத் தேடுகிறவள் முகம். பிறகு நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தாள். முதல் வரிசை, இரண்டாவது வரிசை. அந்த நேரத்தில் தம்பியின் குல்லாய் கீழே விழுந்து, நான் நாற்காலிக்கு அடியில் குனிந்திருந்தேன். எழுந்தபோது அவள் பார்வை எங்களைத் தாண்டிப் போயிருந்தது.

சின்னப் பிள்ளைகள் வெள்ளை உடுப்பில் வரிசையாக வந்து நின்றார்கள். பொரோதி ஓரத்திலிருந்து தலையசைத்தார். அம்மா விசையை நடுவில் ஓர் இடத்தில் வைத்து, ஒரு கட்டையை லேசாகத் தொட்டு, இடது உள்ளங்கையைப் பெட்டியின் மூலையில் வைத்துப் பார்த்தாள். கூடத்தில் அந்தச் சுரம் கேட்டது, சரியான அளவில். அவள் கைக்கு ஒன்றும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள். உள்ளங்கையை அழுத்தினாள். பிறகு விசையை மேலே, கோடு தடித்து முடிகிற இடம் வரைக்கும் தள்ளிவிட்டு வாசிக்க ஆரம்பித்தாள்.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. நாற்காலியின் கைப்பிடி நடுங்கியது. இரண்டு ஒலிபெருக்கிகளும் வீல் என்று ஊளையிட்டன, அதற்குள்ளே தாளம் இடி மாதிரி விழுந்தது. சால்வைக்காரர்கள் காதைப் பொத்தினார்கள். மேடையில் முதல் பையன் அழ ஆரம்பித்தான், அதைப் பார்த்து அடுத்தவள், பிறகு வரிசை முழுவதும். அம்மா அவர்கள் வாயைப் பார்த்தாள். எல்லா வாயும் திறந்திருந்தது. பாடுகிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். சிவப்பு விளக்கை ஒருமுறை பார்த்துவிட்டு, பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்துத் தலையசைத்து உற்சாகப்படுத்திக்கொண்டே பாட்டின் முதல் அடியைத் தாண்டி இரண்டாவது அடிக்குப் போனாள்.

பொரோதி பின்பக்கமாக ஓடி வந்தார். அம்மாவுக்குப் பின்னால் நின்று நிறுத்தச் சொன்னார். மறுபடியும் சொன்னார், இந்த முறை கத்தி. அம்மா வாசித்துக்கொண்டிருந்தாள். பொரோதி அப்படியே ஒரு கணம் நின்றுவிட்டார். அவர் முகத்திலிருந்து கோபம் போனதை நான் பார்த்தேன். பிறகு மெதுவாக அம்மாவின் தோளில் கையை வைத்தார்.

அம்மா கட்டைகளிலிருந்து கையை எடுத்தாள். திரும்பிப் பார்த்தாள். தாளம் நிற்கவில்லை, நிறுத்து என்பதை யாரும் அமுக்கவில்லை. பாட்டு நின்று, அழுத பிள்ளைகளையும் இறக்கிக்கொண்டு போய்விட்ட மேடையில் அது தன்பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. மைக்செட்காரர் ஒயரைப் பிடுங்கினார். பெட்டி தன் சொந்தக் குரலில், ஒரு தகர டப்பாவைத் தட்டுவதுபோல, இன்னும் கொஞ்ச நேரம் தட்டியது. பொரோதிக்கு எந்தப் பொத்தான் என்று தெரியவில்லை. அம்மாதான் கையை நீட்டி நிறுத்தினாள்.

மிச்ச நிகழ்ச்சி பழைய ஆர்மோனியத்தோடு நடந்தது. வாசித்தது வேறு ஓர் ஆசிரியை. வெளியே வரும்போது பொரோதி அப்பாவைத் தனியாக அழைத்து, எத்தனை நாளாக இப்படி என்று ஆங்கிலத்தில் கேட்டார். அப்பாவுக்கு விளங்கவில்லை. எது எத்தனை நாளாக என்று திருப்பிக் கேட்டார். பொரோதி அப்பாவையே பார்த்தார். அப்பா அம்மாவைப் பார்த்தார். அவள் பத்தடி தள்ளி, எங்களுக்கு முதுகு காட்டிக்கொண்டு, தம்பியின் குல்லாய்க்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். அப்பா அவளை ஒருமுறை கூப்பிட்டார். வழக்கமான குரலில் இல்லை, சன்னமாக, சோதித்துப் பார்க்கிறவர்போல. அவள் திரும்பவில்லை. அவர் மறுபடி கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பஞ்சு வாக்கியத்தை நான் கேட்டதே இல்லை.

ட்ராமில் எங்களுக்குப் பெண்கள் இருக்கை கிடைத்தது. அம்மா என்னை எதிரில் உட்காரவைத்தாள். ஹாஜ்ரா நெருங்கும்போது கேட்டாள்.

"சத்தம் ரொம்ப இருந்துச்சோ?"

"இல்லம்மா. நல்லாத்தான் கேட்டுச்சு" என்றேன்.

அவள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையசைத்தாள்.

ஜனவரியில் பாலிகஞ்சுக்கு ஓர் ஆள் வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டோம். அம்மாவைப் போகவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, அவளே போகவில்லை. இரண்டு வருஷம் கழித்து ஒரு காது டாக்டர், கவை போன்ற ஓர் இரும்பைத் தட்டி அம்மாவின் காதுக்கு அருகில் பிடித்தார். கேட்கவில்லை என்றாள். அதையே காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார். அம்மாவின் கண் விரிந்தது. எலும்பு வழியாகக் கேட்கும், காற்று வழியாகத்தான் கேட்காது என்று அவர் அப்பாவுக்கு விளக்கினார். பெட்டியின் மூலையில் தாடையை வைத்துக்கொண்டு அவள் களைப்பாறவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பொட்டுகளைப் பற்றியும் அந்த அறையில்தான் தெரிந்தது. அப்போது எனக்குப் பன்னிரண்டு முடிந்திருந்தது. விழா நடந்த அன்று பத்துதான்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மா சேலை மாற்றப் பீரோவுக்கு முன்னால் போய் நின்றாள். நான் கட்டிலில் உட்கார்ந்து தம்பியின் காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்குள் அவள் முகம் அசையாமல் நிற்பதைப் பார்த்து நிமிர்ந்தேன். ஓரத்தில் நாலு பொட்டும் நான் ஒட்டின வரிசையில் இருந்தன. சிவப்பு, அரக்கு, கறுப்பு, பச்சை.

"நீயா எடுத்த?" என்று கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டாள்.

எதிரில் வந்து நின்றுதான் அவளிடம் பேச வேண்டும் என்பது அதற்குள் எனக்குப் பழகியிருந்தது. எழுந்து போய் அவளுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் நின்றேன்.

"ஆமா. அப்பாதான் அழுக்கு இருக்கப்படாதுன்னாங்க. பசை போவலை, எண்ணெ தொட்டு எடுத்தேன். ஒண்ணும் கிழியலம்மா. எல்லாத்தையும் பத்திரமா ஒட்டி வச்சிட்டேன்."

நான் சொல்லி முடித்த பிறகும் அவள் கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், இன்னும் ஏதோ வர வேண்டியிருப்பதுபோல. பிறகு என் தலையில் கையை வைத்தாள்.

"நல்ல பிள்ளை" என்றாள்.

நெற்றியில் இருந்ததை எடுத்துவிட்டுக் கண்ணாடியிலிருந்து சிவப்பை உரித்தாள். புருவத்துக்கு நடுவில் வைத்தாள். எண்ணெய் பட்டிருந்ததால் அது நிற்காமல் நழுவியது. மறுபடி வைத்து, விரலால் அமுக்கி, விரலை எடுக்காமல் அப்படியே நின்றாள். வீணாக்காமல் எடுத்துவைத்ததில் அம்மாவுக்குச் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டு, நான் தம்பியின் இன்னொரு காலுறையைக் கழற்றப் போனேன்.